அடுப்படியில் மூன்று வாளி

அத்தியாயம் 14

விடிந்ததும் நெல்டா நேராகப் போய் நின்ற இடம் தொட்டியடி. பல் தேய்க்கவில்லை, மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கவில்லை. ஒயின் ருசி பார்க்கும் நாளில் அவள் வாயில் வேறெதுவும் படக்கூடாது. அவள் ருசி பார்த்து முடிக்கிறவரை கணவன் ராமிரோவுக்கும் அடுப்பில் தண்ணீர் ஏறாது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அந்த வீட்டு வழக்கம், ராமிரோ அதை எதிர்த்துப் பேசியதில்லை.

போன வாரம் எங்கே விட்டோம் என்பது நினைவிருக்கும். மேல் சரிவுத் திராட்சையைப் பறித்து, மரத்தொட்டியின் வாயில் மூங்கில் தட்டியைப் போட்டு, குலை குலையாகக் கையால் தேய்த்து உதிர்த்து, தோலும் சாறுமாக உள்ளே இறக்கிவிட்டு, நெல்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு நாள் ஓடிவிட்டது. தொட்டி நுரைத்துப் பொங்கி அடங்கிவிட்டது. இன்று தோலிலிருந்து ஒயினைப் பிரிக்க வேண்டும். கொன்செப்சியோன் நகரத்திலிருந்து நாத்தனார் ஐரிஸ் பஸ் ஏறி வந்து அதைக் குடித்துப் பார்க்கப்போவதும் இன்றுதான்.

நாத்தனார் ஒரு வாய் குடிப்பதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பீர்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. மாமனார் கண்ணை மூடுமுன் மலையை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டார். வீடும், கீழ்ச் சரிவும், நடுச் சரிவும் மகன் ராமிரோவுக்கு. மேல் சரிவு மகள் ஐரிஸுக்கு. இருநூறு வயதுக் கொடிகள் நிற்பது அந்த மேல் சரிவில்தான். பைன் மரம் நடுகிற கம்பெனிக்காரர்கள் கண் வைத்திருப்பதும் அதே இடத்தில்தான். ஐரிஸ் ஒரு கையெழுத்துப் போட்டால் புல்டோசர் ஏறிவிடும். அந்தக் கொடிகளுக்கு வருடா வருடம் கிளை கழித்து, குதிரை கட்டி உழுது, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்த நெல்டாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

ஐரிஸ் மனசு வைத்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பிப்ரவரியில் எதிர்மலைப் பைன் காட்டில் தீ பிடித்ததே, அதற்கு மறுவாரம் தொலைபேசியில் கொடுத்த வாக்கு.

"இந்த வருஷம் மேல் சரிவுல நல்ல ஒயின் வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன் நெல்டா. வரலைன்னா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

தீ கொடிகளின் விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. பச்சைக் கொடி எரிய மறுத்ததால்தான் வீடு பிழைத்தது. ஆனால் புகை ஆறு நாள் மலையைவிட்டு நகரவில்லை. காய் கறுக்கத் தொடங்கும் நேரம் அது. அந்த நேரத்துப் புகை பழத்தின் தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது. புளித்து ஒயினாகும்போதுதான் வெளியே வரும்.

நெல்டா இதெல்லாம் படித்தவள், ஏமாறுகிற ஆளில்லை. பறிப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே ஒவ்வொரு சரிவிலும் ஐந்து கிலோ பறித்து, மூன்று வாளியில் நசுக்கிப் போட்டு, புளிக்க வைத்துப் பார்த்தாள். மார்ச்சிலேயே இலையுதிர்காலம் தொடங்கிவிடும் தென்கோள மலை அது. அந்தக் குளிரில் வாளி புளிக்க வேண்டுமென்றால் வீட்டில் சூடான இடம் ஒன்றுதான், அடுப்படி. கீழ்ச் சரிவு வாளி வாயில் வைத்ததும் சாம்பல். நடுச் சரிவும் சாம்பல். மேல் சரிவு வாளி மட்டும் பளிச்சென்று இருந்தது. மேலே கடல்காற்று வீசும், புகை தங்கியிருக்காது என்று காரணமும் கிடைத்தது. மற்ற இரண்டு சரிவையும் குருவிகளுக்கு விட்டுவிட்டு, மேல் சரிவை மட்டும் தைரியமாகத் தோலோடு தொட்டியில் போட்டாள்.

இப்போது குழாயைத் திறந்து கால் கிளாஸ் பிடித்தாள். முகர்ந்தாள், குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

ராமிரோ வாசற்கதவில் சாய்ந்து நின்றான். "என்ன கிழவி, தண்ணி வைக்கலாமா?"

"நீ குடிச்சுப் பாரு முதல்ல."

"நான் சொல்றதை என்னைக்குக் கேட்டிருக்க?"

"சொல்லு கிழவா."

குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். "போன வருஷம் மாதிரியே இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அதைவிட நல்லா இருக்கு. போதுமா? தண்ணி வைக்கலாமா?"

நெல்டா சிரித்துவிட்டாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கொடிகள்மேல் அவளுக்கு இருக்கும் பைத்தியத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வடக்கே ஒரு பெரிய ஒயின் ஆலையில் வேலை பார்த்தவள். எந்த வருடம் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஒரே ருசி வரவேண்டும், அதற்குத்தான் அங்கே அவளுக்குச் சம்பளம். இருபத்தாறு வயதில் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் யாரோ ஒரு கோப்பை நீட்டினார்கள். யார் செய்தது என்று கேட்டு, மறுநாளே மலையேறிவிட்டாள். பந்தல் இல்லை, கம்பி இல்லை. முழங்கால் உயரத்தில், முடிச்சு விழுந்த கையைப்போல ஒவ்வொரு கொடியும் தன்பாட்டில் நின்றது. ஒரு கொடிக்கு ஒரு கிலோ காய்த்தால் அதிகம். ஆனால் ஒன்றின் பழம்போல ஒன்று இல்லை. அன்று சாயந்திரம்வரை ஒவ்வொரு கொடியாகத் தின்றுகொண்டே நடந்தாள், திரும்பிப்போகும் பஸ்ஸையும் விட்டாள்.

"நீ என் தம்பியைக் கட்டிக்கல, மேல் சரிவைத்தான் கட்டிக்கிட்ட. இவன் இலவச இணைப்பு," என்று ஐரிஸ் இன்றைக்கும் சொல்வாள். ராமிரோவும் அதற்குச் சிரிப்பான்.

பதினொரு மணிக்கு ஐரிஸ் வந்தாள். அறுபது வயது, வலிக்கிற முழங்கால், நல்ல கோட்டு. வீட்டுக்குள் நுழையுமுன் அந்தக் கோட்டைக் கழற்றி வெளியே எலுமிச்சை மரத்தில் மாட்டினாள்.

"உள்ள ஆணி இருக்கே அக்கா."

"ஆணி இருக்கு, புகையும் இருக்கு. போன தடவை உள்ள மாட்டிட்டுப் போனேன். பஸ்ல பக்கத்துல இருந்தவன் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பசிக்குது பசிக்குதுன்னான்."

அடுப்புக்கு மேலே உத்தரத்தில் லொங்கனிசா என்கிற பன்றிக்கறித் தொத்திறைச்சி சரம் சரமாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. விறகு அடுப்பு, நாள் முழுக்க எரியும். புகைபோக்கியில் ஒரு விரிசல், பத்து வருடமாக ராமிரோ நாளைக்குச் சரிசெய்கிற விரிசல்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே," என்றாள் நெல்டா.

"உனக்கு எப்படி அடிக்கும்? அதுக்குள்ளயே கிடக்க."

மூவரும் தொட்டியடிக்குப் போனார்கள். ஐரிஸின் மூக்கு சாதாரண மூக்கில்லை. அவள் கல்யாணமாகிப் போகும்வரை, தொட்டி கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் அப்பா வேறு யாரையும் நம்பமாட்டார். மகளைத்தான் கூப்பிடுவார். அதனால்தான் நெல்டாவும் இந்தப் பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டாள். பிடிக்காத நாத்தனாராக இருந்தாலும் பொய் சொல்லாத மூக்கு.

ஐரிஸ் கிளாஸை வாங்கினாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்து விழுங்கினாள். பிறகு கிளாஸைப் பார்க்காமல் நெல்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல ராமிரோவுக்குத் தோன்றியது.

"நல்லா இருக்கு," என்றாள் ஐரிஸ்.

நெல்டா நாத்தனாரைக் கட்டிக்கொண்டு, அவள் சட்டையின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இந்தக் கதை தொடங்கிய பதினாலு வாரமாக ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தவர்கள். ராமிரோ தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"அப்ப நீங்க சொன்ன வாக்கு, அக்கா?"

"முதல்ல சோறு போடு. காலையில ஒரு டீயோட கிளம்பினவ நான்."

மகிழ்ச்சி வந்தால் மனிதருக்குக் காது மந்தமாகிவிடும் போலிருக்கிறது. நெல்டா அதற்குமேல் கேட்கவில்லை. கோழியும் பூசணியும் சோளமும் போட்ட கசுவேலாவை ஆழத்தட்டில் ஊற்றினாள். புது ஒயினை ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். ஐரிஸ் தண்ணீர் கேட்டாள்.

"பஸ்ல போகணும். தலை சுத்தும்."

"நீங்களா? உங்க கல்யாணத்துல உங்கப்பாவையே குடிச்சு உட்கார வச்சுட்டீங்கன்னு ஊரே சொல்லுது," என்றாள் நெல்டா.

"அப்ப முழங்கால் நல்லா இருந்துச்சு."

சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்கு அக்காவும் தம்பியும் அப்பாவின் கல்லறைக்குப் போய்வரக் கிளம்பினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு எதிரேதான் பஸ் நிற்கும் இடம், நான்கு மணி பஸ். வாசலில் ஐரிஸ் நெல்டாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். எப்போதும் ஒன்றுதான், இன்று இரண்டு.

நெல்டா தட்டுகளைக் கழுவினாள். ஐரிஸின் முன்னால் வைத்திருந்த கிளாஸில் ஒயின் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. அதைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டாள்.

கெட்ட ஒயின் என்றால் முகத்துக்கு நேரே துப்புகிறவள் ஐரிஸ். நல்ல ஒயின் என்றால் ஜாடியை மடியில் வைத்துக்கொள்கிறவள். இரண்டும் செய்யாத ஐரிஸை அவள் பார்த்ததில்லை.

அதுக்குள்ளயே கிடக்க.

நெல்டா நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் லொங்கனிசா தொங்கியது. அதற்கு நேர் கீழே, அடுப்பை ஒட்டின மூலையில், மூன்று வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. இந்தப் புகைக்குள் நின்றுதான் அவள் ருசி பார்த்திருந்தாள்; சாம்பல் அதிகமிருந்த இரண்டு வாளி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஜாடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் ஒயினை நிரப்பிக்கொண்டு மலையேறினாள். பாதி வழியில் ஊற்றில் முகத்தைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள், மூக்கையும் சிந்தினாள். மேல் சரிவுக்கு வந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஒரு கொடியின்மேல் போட்டுவிட்டு, உள்சட்டையோடு கடலைப் பார்த்த பக்கமாக உட்கார்ந்தாள். குளிரில் உடம்பு நடுங்கியது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை, வைத்தால் அது நடக்காது என்று பயம்.

பிறகு எழுந்துபோய்க் கம்பளிச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள்.

குப்பென்று அடித்தது. விறகு, கொழுப்பு, கரி. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாளா, இந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் ருசி பார்த்தாளா என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். முதலில் எல்லாம் இருந்தது. செர்ரியும், காய்ந்த ரோஜாவும், மழை விழுந்த மண்ணும் இருந்தன. இத்தனை வருடத்தில் இந்தச் சரிவு இவ்வளவு நன்றாகக் கொடுத்ததில்லை. விழுங்கினாள். காத்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள். பத்து எண்ணுவதற்குள் தொண்டையின் அடியிலிருந்து அது ஏறி வந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் சாம்பல். வந்ததுதான் வந்தது, போகவில்லை. எச்சிலை விழுங்க விழுங்க அதிகமானது.

புகை முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் தட்டியில் தேய்த்திருக்கமாட்டாள். பழத்தை முழுசாகப் போட்டு மெதுவாக அழுத்தி, தோல் ஊறாமல் சாறை மட்டும் வழித்தெடுத்து, வெளிறின ஒயினாகவாவது பிழைக்க வைத்திருக்கலாம். படித்தவள், ஏமாறாதவள், எட்டு நாள் அதைத் தோலிலேயே ஊற வைத்து, காலையும் மாலையும் தன் கையாலேயே கிளறி, மிச்சமிருந்த புகையையும் கறந்து எடுத்துவிட்டாள். தீ செய்யாததை அவள் செய்து முடித்திருந்தாள்.

நெல்டா அழவில்லை. சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஐரிஸ் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கொடிகளுக்கு இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். அந்த எண்ணத்தோடு மூன்று வரிசை நடந்தாள். அதற்குமேல் முடியவில்லை. கம்பளிச் சட்டையைக் கையில் பிடித்தபடி குறுக்குப் பாதையில் சாலையைப் பார்த்து இறங்கினாள்.

பஸ் இன்னும் வரவில்லை. சிமெண்டு பெஞ்சில் ஐரிஸ் கோட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராமிரோ பக்கத்தில் நின்றிருந்தான்.

"புகை இருக்கு அக்கா," என்றாள் நெல்டா. மூச்சு வாங்கியது. "அதுல புகை இருக்கு. எனக்கு மூக்கு செத்துப்போச்சு, அதான் தெரியல. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது செல்லாது."

ராமிரோ மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"தெரியும்," என்றாள் ஐரிஸ்.

"தெரியுமா?"

"முதல் வாய்லயே தெரிஞ்சுது. அப்பா தொட்டியில அப்படி ஒண்ணு இருந்திருந்தா அவர் முகத்துலயே துப்பியிருப்பேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? எனக்கு எதுக்குப் பாவம் பார்க்கணும்? சொன்ன சொல்லு சொல்லுதான். நல்லா வரல. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் குத்தம் சொல்லல."

ஐரிஸ் கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"போட்டாச்சு நெல்டா."

சாலையில் பைன் மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது.

"செவ்வாய்க்கிழமையே போட்டாச்சு. என் பையன் கூட்டிட்டுப் போனான். அவன்மேல பழி போடல, பேனா என் கையிலதான் இருந்துச்சு. அந்தப் புகைக்கு அப்புறம் நல்ல ஒயின் வரும்னு நான் நம்பவே இல்ல. வராத ஒண்ணுக்குக் காத்திருந்து, உன் வாயாலயே வரலைன்னு கேட்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தா வாய் வரல. மலையும் போச்சு, ஒயினும் கெட்டுப்போச்சுன்னு ஒரே நாள்ல ஒருத்திகிட்ட எப்படிச் சொல்றது? கடைசி ஒயினாவது நல்லா வந்துச்சுன்னு நீ நினைச்சுக்கிட்டா அது உனக்கு மிஞ்சுமேன்னு பார்த்தேன்." ஐரிஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "அதையும் நீயே போய்க் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கற."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா," என்றான் ராமிரோ. "அப்பா கல்லுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னோமே."

"அவர்கிட்டதான்டா சொல்லிட்டு இருந்தேன். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

நெல்டாவுக்குக் கோபம் வரவேண்டும். பதினாலு வாரமாகச் சேர்த்து வைத்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

"எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மே பதினஞ்சு."

பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. ராமிரோ அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான். ஐரிஸ் மலைப் பக்கத்து ஜன்னலோரம் உட்காராமல், மலை தெரியாத மறுபக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பஸ் போனபிறகு இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். வேலி தாண்டும்போது ராமிரோ கேட்டான்.

"தொட்டியில இருக்கறதை என்ன பண்ண?"

"திறந்து விட்டுடு."

"வினிகருக்காவது வைக்கலாமே."

"சாம்பல் வினிகரா?"

அவன் தலையசைத்தான். வாசலில் எலுமிச்சை மரத்தடியில் நெல்டா நின்றாள். மேல் சரிவு இன்னும் வெயிலில் இருந்தது.

"கொடிக் கத்தரி எங்க வச்ச?"

ராமிரோ திரும்பினான். "எதுக்கு?"

"குச்சி வெட்டணும். கீழ்ச் சரிவு உன் பேர்லதானே இருக்கு. அதுல நட்டுப் பார்க்கலாம்."

"கிழவி." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இது ஏப்ரல். கொடி உறங்கினப்புறம் ஜூலையிலதான் வெட்டணும். பச்சையில வெட்டின குச்சி செத்துப்போகும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

"தெரியும்."

"ஜூலையில அங்க கொடி இருக்காது."

"அதுவும் தெரியும். கத்தரி எங்க?"

ராமிரோ கொட்டகைக்குள் போனான். வரும்போது அவன் கையில் கத்தரி இரண்டு இருந்தது.